ஆனேக்கல் வளைவில் உயர்ந்த கை

காக்ஸ் டவுன், பெங்களூர்
15 ஜூன் 1958

ரெமிஜியஸ்,

இது கிளப் விஷயமான கடிதம். நலம் விசாரிக்க எழுதியது என்று நினைத்துக்கொள்ளாதே.

ஆகஸ்ட் கடைசியில் ஆனேக்கல் மோட்டார் சைக்கிள் ஓட்டத்தை மறுபடி வைக்கிறார்கள். செக்ரட்டரி வெங்கடசுப்ரமணியன் நேற்று வந்து, சைட்கார் பிரிவில் நம் வண்டிக்கு யார் யார் பெயர் எழுதிக்கொள்ள என்று கேட்டார். ஓட்டுகிறவன் தேசிகன் என்றேன். சைட்காரில் யார் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க என்ன ஓய் இருக்கு? உம்ம ரெமிஜியஸ்தானே?" என்றார். நீ கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டாய் என்று அவருக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஏன் என்று கேட்டார். கிளப்பில் அது தெரியாதவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

என் தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. மேகம் மூடினால் வலிக்கிறது.

ஏப்ரலில் நடந்ததை உன் மாமா வீட்டில் நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாய். அதனால் நான் பார்த்தபடி எழுதிவைக்கிறேன். சைட்கார் இடப்பக்கம் இருக்கிறது. இடது வளைவில் அதன் சக்கரம் எழும்பப் பார்க்கும். உள்ளே இருப்பவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, உடம்பை வெளியே சாய்த்து, சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்க வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கே நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வளைவில், புளியமரத்துப் பக்கம் அலமேலு நின்றிருந்தாள். கையை உயர்த்தி ஆட்டினாள். நீ கம்பியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாய். பள்ளத்தில் கிடந்தோம். ஒரு வைக்கோல் வண்டிக்காரன் வந்து என்னை இழுத்து வெளியே போட்டு, "ஏன் ஸ்வாமி, கண்ணு காணிசல்வா" என்று கத்தினான். கண் தெரியாதவன் நான் இல்லை.

அவள் கையாட்டியது எனக்கு. நான் அவளுடைய புருஷன்.

உனக்குத் தெரியாத ஒன்று. நீ எங்கள் பின்பக்கத்து அறைக்குக் குடிவருவதற்கு முந்தின வாரம் அலமேலு என்னை உட்காரவைத்துப் பேசினாள், காலேஜில் ரசாயனம் நடத்துகிற அதே குரலில். "உங்களை எனக்குப் பிடிக்கும். அவரையும் பிடிக்கும். ஒண்ணு இன்னொண்ணைக் குறைக்கலை. திருட்டுத்தனம் எனக்கு வராது. நீங்க வேண்டாம்னா அவர் வரமாட்டார், நானும் பார்க்கமாட்டேன். ஆனா சந்தோஷமா இருப்பேன்னு மட்டும் எதிர்பார்க்காதீங்கோ." சரி என்றேன். பெரிய மனசால் இல்லை. அவள் சந்தோஷமாக இல்லாத வீட்டில் நான் என்ன செய்வது என்று தெரியாததால்.

ஆகஸ்டுக்கு வருகிறாயா, இல்லையா? கிளப்புக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தேசிகன்


மாரிக்குப்பம், கோலார் தங்கவயல்
24 ஜூன் 1958

சாமி அவர்களுக்கு,

கிளப் கேள்விக்கு கிளப் பதில்: வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்தபடி நானும் எழுதுகிறேன். பள்ளத்தில் விழுந்ததும் முதலில் உங்கள் தலையைத்தான் என் மடியில் எடுத்து வைத்தேன். கிளப் ஆட்கள் அத்தனை பேரும் ஓடிவந்து சுற்றி நின்றார்கள். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "பட்டறைக்காரனை வீட்டுக்குள்ள விட்டது என் தப்பு" என்றீர்கள். மங்கையும், உங்கள் அலமேலுதான், அங்கே நின்றிருந்தாள். எலும்பு முறிந்தவன் எதையும் சொல்வான் என்று உங்கள் கட்டு பிரியும்வரை காத்திருந்தேன். அந்த வார்த்தையை நீங்கள் திருப்பி வாங்கவில்லை. ஜீவனஹள்ளிப் பட்டறையைப் பூட்டி, சாவியை என் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

அவள் கையாட்டியது எனக்கு. காலையில் கிளம்பும்போதே சொல்லியிருந்தேன், வளைவுக்கு வந்ததும் தலையைத் தூக்கிப் பார்ப்பேன், அங்கே நில்லு என்று. "நின்னா?" என்றாள். "நின்னா போதும்" என்றேன். நின்றாள். கையும் ஆட்டினாள். அதைப் பார்த்த பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்க நான் என்ன இரும்பா?

நீங்கள் பெரிய மனசால் சரி சொல்லவில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். என் பெட்டியை அந்த அறையில் வைத்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை, "காலையில் குளியலறை முதல்ல எனக்கு."

இன்னொன்று. கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் உங்களை நீங்கள் என்கிறேன், நீங்கள் என்னை நீ என்கிறீர்கள். என்னைவிட உங்களுக்கு ஒரு வயசுதான் கூட. மங்கை மட்டும்தான் நம் இரண்டு பேரையும் ஒரே மாதிரிக் கூப்பிடுவாள்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கப் போவதில்லை. எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றிக்கொண்டிருப்பாள், என் சைட்காரைக் காலியாக வைத்துக்கொண்டு. இங்கே தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேனாம். மதலைமுத்து மாமா, "இன்னாடா, கழுத்து சுளுக்கிக்கினு கீதா?" என்கிறார். அவர் பட்டறையில் லாரி வேலைதான். லாரிக்கு யாரும் சாய வேண்டியதில்லை.

கார்பரேட்டரில் பெட்ரோல் வழிந்தால் ஊசியை மாற்றுங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள். தட்டுவீர்கள் என்று தெரியும்.

ரெமிஜியஸ்


காக்ஸ் டவுன்
8 ஜூலை 1958

ரெமிஜியஸ்,

தட்டினேன். சிவாஜிநகரில் புது ஊசி வாங்கிப் போட வேண்டியதாயிற்று.

அந்த வார்த்தையைப் பற்றி. வலியில் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். வலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மனசில் வெகுநாளாக இருந்தது, வாய்க்கு வந்துவிட்டது. வைத்துக்கொள்ள இஷ்டமில்லாததால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். கிளப்பார் முன்னால் வேண்டுமென்றால் அங்கேயும் சொல்கிறேன்.

உன் இடத்தில் பாங்கிக்காரன் சந்தானத்தை உட்காரவைத்துப் பார்த்தேன். இடது வளைவில் சாய்வதற்குப் பதிலாக சுலோகம் சொல்கிறான். அதைவிட மணல் மூட்டை மேல் என்று ஒரு மூட்டையைக் கட்டி வைத்திருக்கிறேன். அலமேலு பார்த்துவிட்டு, "மூட்டை தேவலை. யார் யாரைப் பார்த்தான்னு விசாரிக்காது" என்றாள். பின் சீட்டில் அவள் உட்கார்வதே இல்லை. அதை நினைத்து நீ இனி எரிய வேண்டாம்.

நீ மங்கை என்று எழுதியிருந்தாய். அலர்மேல்மங்கை என்ற பெயரில் முன்பாதியை நான் சுருக்கி எடுத்துக்கொண்டேன், மிச்சத்தை நீ எடுத்துக்கொண்டாய். கல்யாணமான புதிதில் அப்படிக் கூப்பிட எனக்கே தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. அதற்கும் உன்மேல்தான் கோபம் வருகிறது. நீ கூப்பிடும்போது அவள் சமையலறையிலிருந்து "ம்" என்று சொல்கிற சத்தம் வேறு. எனக்கு வருகிற "ம்" வேறு. எத்தனையோ தடவை இதை நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்தால் சிரிப்பாய்.

இப்போது நான் கேட்டது கிடைத்துவிட்டது. வீட்டில் அவளும் நானும் மட்டும். நான்கு வருஷமாக உள்ளுக்குள் நான் ஆசைப்பட்டது இதுதான். கிடைத்ததைச் சொல்கிறேன், கேள். அலமேலு என்னிடம் மரியாதையாக இருக்கிறாள். முன்பு உன்னைப் பற்றி என்னிடம் குறை சொல்வாள், என்னைப் பற்றி உன்னிடம் சொல்லியிருப்பாள். இப்போது என்னைப் பற்றிச் சொல்ல ஆளில்லாததால், என்னிடம் குறையே இல்லாதது போல நடந்துகொள்கிறாள். என் சட்டைக்கு நன்றாக இருக்கிறது என்கிறாள். நான் ஆபீஸ் கதை சொன்னால் முடியும்வரை கேட்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளை உனக்கு எழுதச் சொன்னேன். "சண்டை உங்க ரெண்டு பேருக்கும். நீங்களே எழுதிக்கோங்கோ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ரயில் ஏறினவருக்கு நான் என்னன்னு எழுதறது?" என்றாள்.

கையாட்டியது யாருக்கு என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "ரெண்டு பேருக்கும்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் மனசு நோகக்கூடாது என்று சொல்லியிருப்பாள்.

தேசிகன்


மாரிக்குப்பம்
22 ஜூலை 1958

சாமி அவர்களுக்கு,

திருப்பி வாங்கிக்கொண்டதாக எழுதியதைப் படித்தேன். சரி.

என்னிடமும் அதையேதான் சொன்னாள், நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. "ரெண்டு பேருக்கும்தான்." என் மனசு நோகக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் உங்கள் சட்டையைப் பாராட்டுவதைப் படித்து இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நான்கு வருஷத்தில் என் சட்டையைப் பற்றி அவள் சொன்னது, கிரீஸ் போகாது, எரித்துவிடுங்கள் என்பதுதான்.

ஒரு செய்தி. மாமா ஒரு இடம் பார்த்திருக்கிறார். மாமிக்கு உறவு. பெயர் ஜெசிந்தா. கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். மாதா திருநாள் முடிந்த ஞாயிறு, ஆகஸ்ட் பதினேழு, நிச்சயம் வைக்கலாம் என்கிறார். நான் இன்னும் சரி சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போய் டீ குடித்தேன். நல்ல பெண். அங்கே எனக்கு என்று தனி நாற்காலி போட்டார்கள். சாமி, உங்கள் வீட்டில் நான் உட்கார்கிற இடம் எது என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் எழுந்த பிறகு உங்கள் நாற்காலி.

எனக்கும் முப்பத்தாறு வயதாகிறது. ஒரு வீட்டில் முதல் ஆளாக இருந்து பார்க்க ஆசை இருக்காதா?

மங்கையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எப்படி எடுத்துக்கொண்டாள் என்று எழுத வேண்டாம்.

எழுதுங்கள்.

ரெமிஜியஸ்


காக்ஸ் டவுன்
29 ஜூலை 1958

ரெமி,

சொன்னேன். ஞாயிறு காலை, காபி குடிக்கும்போது.

"பேர் என்ன?" என்றாள். ஜெசிந்தா என்றேன். "என்ன பண்றா?" டீச்சர் என்றேன். "அப்போ கேள்வி கேட்பா. அவருக்கு நல்லதுதான்" என்றாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். கொல்லைப்பக்கம் போய், சைட்காரில் நான் கட்டி வைத்திருந்த மணல் மூட்டையின் கயிற்றை அவிழ்த்து, தனியாளாக இழுத்துக் கீழே தள்ளினாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன். விடவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்லணும். நீங்க எழுதிடுங்கோ" என்றாள். அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு நான் யாருக்கும் கையாட்டலை. வளைவுக்கு அந்தண்டை வைக்கோல் வண்டி ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிண்டு நின்னுது. ஒரு சக்கரம் பள்ளத்துல. வண்டிக்காரன் மாட்டை அவுத்துண்டிருந்தான். நீங்க வர்ற வேகத்துல வந்தா நேரா அதுலதான். நிறுத்துங்கோ நிறுத்துங்கோன்னு கத்தினேன், கையை ஆட்டினேன். என்ஜின் சத்தத்துல கேட்கலை. நீங்க என்ன பண்ணினேள்? சிரிச்சேள். ரெண்டு பேரும் கையைத் தூக்கிக் காட்டினேள்."

"ரெண்டு பேருமா? நான் ஹேண்டில் பாரை—"

"ரெண்டு பேரும். அவர் ரெண்டு கையையும். நீங்க ஒரு கையை. உங்களுக்கு வளையவும் வரலை, அவருக்குச் சாயவும் வரலை."

ரெமி, நான் கையைத் தூக்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவள் இல்லாததைச் சொல்கிறவள் இல்லை. நம்மைத் தூக்கிய வண்டிக்காரன் எங்கிருந்து வந்தான் என்று நீயாவது நானாவது ஒரு தடவை யோசித்தோமா? கண் தெரியவில்லையா என்று அவன் கேட்டது சரியான கேள்வி.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க எங்கே அதைக் கேட்டேள்? யாருக்குக் கையாட்டினேன்னு கேட்டேள். அவரும் அதையேதான் கேட்டார். ரெண்டு பேருக்கும்னேன், அது நிஜம். ஏன் ஆட்டினேன்னு ஒருத்தராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீங்க செத்துப் போயிருப்பேள். ரெண்டு பேரும், ஒரே நிமிஷத்துல. நான் மரத்தடியில நின்னுண்டு பார்த்திருப்பேன். அதை நினைச்சு நான் ராத்திரியெல்லாம் முழிச்சிண்டிருக்கேன், நீங்க எந்தப் பக்கம் பார்த்தேன்னு சண்டை போடறேள்."

அதன் பிறகு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்கமாட்டேன். பார்த்திருந்தால் சொல்லாதே.

ஜெசிந்தா விஷயத்தில் நான் சந்தோஷப்பட வேண்டும். உன் கடிதம் வந்த அன்று, தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் வண்டியைத் துடைக்கும்போது, நீ கம்பியைப் பிடித்துப் பிடித்து வழவழப்பாக்கிய இடம் கையில் பட்டது. இவன் அங்கே போய் எவள் வீட்டிலோ தனி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறான் என்று ஒரு ஆத்திரம் வந்தது பார். அலமேலுவுக்காக வந்த ஆத்திரம் என்று முதலில் நினைத்தேன். அவளுக்காக மட்டும் இல்லை.

நாற்காலி விஷயம் சரி. நான் அதை யோசித்ததில்லை.

தேசிகன்

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவள் கேட்டது: "எனக்கு இதை ஓட்டக் கத்துக்குடுங்கோ."


மாரிக்குப்பம்
6 ஆகஸ்ட் 1958

தேசிகா,

சண்டை போடுவதென்றால் இனி நீ என்றுதான் போடுவேன்.

நீயும் கையைத் தூக்கினாய். மூன்று மாசம் என்னை ஊரைவிட்டு ஓட்டிவிட்டு, நீயும் தூக்கியிருக்கிறாய். வண்டி ஓட்டுகிறவன். நான் கம்பியை விட்டது தப்பு. நீ ஹேண்டில் பாரை விட்டதற்கு என்ன பெயர் வைப்பது? படித்துவிட்டுக் கோபத்தில் சிரித்தேன். மாமா, "பெங்களூர்ல எவனாச்சும் செத்துட்டானா?" என்று கேட்டார்.

சாகவில்லை என்றேன். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. அவள் மரத்தடியில் நிற்பது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

ஜெசிந்தாவை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்த்தேன். மங்கை சொன்னது சரி, டீச்சர் கேள்வி கேட்டாள். "நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? வந்ததிலேருந்து எங்க வீட்ல காபி இப்படி, எங்க வீட்ல அவுங்க இப்படித் திட்டுவாங்கன்னே சொல்லிக்கினு இருக்கீங்க. உங்க அப்பா அம்மாதான் காலமாயிட்டாங்களே. அந்த வீடு எங்க இருக்கு?" என்றாள். "நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லிடுங்க. அப்புறம் சொன்னா அசிங்கம்" என்றாள். நியாயமான பெண். பொய் சொல்ல முடியாது. உண்மை சொன்னால் மாமா வீட்டில் இருக்க முடியாது.

அதனால் உன்னைக் கேட்கிறேன். பதினேழாம் தேதிக்குள் தெரிய வேண்டும். அந்த வீடு எங்கே இருக்கிறது? அவளுக்காக நீ பொறுத்துக்கொள்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன். நீ எழுந்த பிறகு உட்கார்கிற வீட்டுக்கும் வரமாட்டேன்.

அவள் கற்றுக்கொள்கிறாளா? யார் கற்றுக்கொடுக்கிறது, நீயா? உனக்கே வளைவு வராது. முறுக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கும் என்று சொன்னாயா? சொல்லியிருக்கமாட்டாய். அதை நான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அவளுடைய முதல் வளைவை நீ பார்த்துவிட்டாய், நான் பார்க்கவில்லை. இதற்கு உன்னை மன்னிக்க மாட்டேன்.

ரெமிஜியஸ்


காக்ஸ் டவுன்
12 ஆகஸ்ட் 1958

ரெமி,

இடப்பக்கம் இழுக்கும் என்று சொல்லவில்லை. ஜீவனஹள்ளித் திடலில் முதல் நாளே ஒரு வேலியைச் சாய்த்தாள். வேலிக்காரன் முனிகிருஷ்ணன் உன் சிநேகிதனாம், உன் பெயரைச் சொன்னதும் விட்டுவிட்டான். அங்கேயும் நீ.

அவள் ஓட்டுகிறாள். நான் சைட்காரில். வேறு வழியில்லை, மூட்டையை அவள் திரும்ப ஏற்ற விடவில்லை. பக்கத்து வீட்டு லட்சுமம்மா வாசலில் நின்று, "ஏன்ரீ இது, யஜமானரு தொட்டிலல்லி கூத்தித்தாரே" என்றாள். எஜமானர் தொட்டிலில் உட்கார்ந்திருக்கிறாராம். தெரு முழுக்கச் சிரித்தது.

ஒன்பது வருஷம் நீ உட்கார்ந்த இடம் என்ன என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. ரோடு முகத்துக்கு நேரே வருகிறது. நிறுத்த முடியாது. ஓட்டுகிறவரை நம்பிக் கவிழ்ந்து கிடக்க வேண்டும். இத்தனை வருஷம் நீ என்னை நம்பி அப்படிக் கிடந்திருக்கிறாய், நான் உன்னைப் பட்டறைக்காரன் என்றேன். இடது வளைவில் சாய்கிறேன். "இன்னும்" என்கிறாள். சாய்கிறேன். "அவர் இதைவிடச் சாய்வார்" என்கிறாள். தெரியும் என்கிறேன்.

உன் கேள்வியை அவளிடம் படித்துக் காட்டினேன். "உங்களைத்தானே கேட்டிருக்கார்" என்று வெளியே போய்விட்டாள். ஆகவே நானே சொல்கிறேன்.

நேற்று சிவாஜிநகரில் ஒரு நாற்காலி வாங்கினேன். என்னுடையதைவிட உயரம் ஒரு விரல் அதிகம், கடைக்காரனிடம் அப்படி ஒன்றுதான் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வாங்கினேன். பொறுத்துக்கொள்வதற்காக உன்னைக் கூப்பிடவில்லை. நீ இல்லாமல் எனக்கும் சரியாக இல்லை. இதற்குமேல் தெளிவாக எழுத என்னால் முடியாது. பொறாமை போய்விடும் என்றும் சொல்லமாட்டேன். நீ மங்கை என்று கூப்பிடும்போது அந்த "ம்" எனக்குக் கேட்கத்தான் செய்யும். ஜெசிந்தாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவளுக்கு அது நியாயம். மாமா என்ன சொல்வார் என்பதை, வந்துவிட்டால் நீ கேட்க வேண்டியிருக்காது.

சனிக்கிழமை விடியற்காலை கிளம்புகிறோம். ஹொசக்கோட்டை, கோலார், அங்கிருந்து தங்கவயல். அவள்தான் ஓட்டுகிறாள், நான் சைட்காரில். பின் சீட் காலி. அது உனக்கு என்று அவள் சொல்லவில்லை, எனக்கு என்றும் சொல்லவில்லை. திரும்பும்போது எப்படி உட்கார்வது என்று நான் தீர்மானித்து வைத்திருக்கிறேன். கோலார் வரை அவளுக்குப் பின்னால் நீ. கோலாரிலிருந்து வீடு வரை நான்.

தூரத்தில் என் பங்கு இரண்டு மடங்கு என்று எனக்குத் தெரியும். வந்து சண்டை போடு.

தேசிகன்